கேஸ் டார்ச் பற்ற மறுக்கிறதா? குத்துவதற்கு முன் காது கொடுங்கள்

ரெசின் ஆர்ட்டில் குமிழிகளை உடைக்க, புட்டிங் மேல் தூவிய சர்க்கரையைக் கருக்க என்று கையடக்க பியூட்டேன் டார்ச் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது பற்றாவிட்டால் பலரும் முதலில் தேடுவது ஊசியை. தயவுசெய்து அதை வைத்துவிடுங்கள். பெரும்பாலும் கோளாறு அழுக்கில் இருக்காது. உள்ளே அடைபட்ட காற்றிலோ, கேஸை அதிகமாகத் திறந்துவைத்ததிலோதான் இருக்கும்.

வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். பியூட்டேன் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு படரும். அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

1. சத்தத்தைக் கேளுங்கள்

டார்ச்சை முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி விசையை அழுத்துங்கள். 'உஸ்' என்று கேஸ் வருகிறதா? 'டிக்' என்று பொறி தட்டுகிறதா? இரண்டும் இருந்தால், கேஸ் குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். முழு வேகத்தில் சீறும் கேஸ், பொறி பிடிப்பதற்குள் கடந்து போய்விடும்.

2. 'உஸ்' பலவீனமாக இருந்தால்

டார்ச்சைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ள வால்வைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் சத்தம் நிற்கும்வரை அழுத்துங்கள். சீறி வருவது விரலைச் சுரீரென்று உறைய வைக்கும், கையைத் தள்ளியே வையுங்கள். காற்றை இப்படி வெளியேற்றாமல் நிரப்பினால் புது கேஸுக்கு உள்ளே இடமே இருக்காது.

அதே தலைகீழ் நிலையில் கேஸ் கேனைச் செங்குத்தாக வைத்து ஐந்தாறு விநாடி அழுத்துங்கள். வால்வைச் சுற்றித் தெறித்தால் போதும், நிறுத்திவிடலாம். நிரப்பியதும் பற்றவைக்காதீர்கள். உள்ளே போன கேஸ் ஜில்லென்று இருக்கும். சூடாறாத டார்ச்சில் நிரப்பவும் கூடாது. ஐந்து நிமிடம் கழித்து முயலுங்கள்.

3. பொறி இல்லையென்றால்

இதில் பேட்டரி கிடையாது. விசையை அழுத்தும்போது உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் படிகத்தைத் தட்ட, ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து, கம்பி முனையிலிருந்து நாசில் விளிம்புக்குத் தாவுகிறது. கேஸை முழுக்க வெளியேற்றி, அது கலைந்த பிறகு இருட்டில் அழுத்திப் பாருங்கள். நீலப் பொறி நேராகத் தாவினால் சரி. பக்கவாட்டில் எங்கோ ஓடினால், கம்பி வளைந்திருக்கும் அல்லது கரி படிந்திருக்கும். இடுக்கியால் கம்பியை மெதுவாக நிமிர்த்துங்கள். இடைவெளி சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். துளிப் பொறிகூட வரவில்லை என்றால் படிகம் போயிருக்கலாம். அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம்.

4. சுத்தம் செய்வது

கேஸ் காலியாகி, டார்ச் ஆறிய பிறகே இதைத் தொடங்குங்கள். பழைய டூத்பிரஷால் நாசிலையும் பக்கவாட்டுத் துளைகளையும் உலர்வாகத் துடையுங்கள். அந்தத் துளைகள் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. தூசி அடைத்தால் சுடர் மஞ்சளாகச் சோம்பி எரியும். கணினி துடைக்கும் காற்று கேன் இருந்தால் துளைகளில் சின்னச் சின்னதாய் ஊதுங்கள். கம்பி முனையின் கரியை, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் எடுங்கள்.

விளிம்பில் ஒட்டிய சர்க்கரைக்கு வெந்நீரில் பிழிந்த துணி போதும். இறுகிய ரெசின் ஆல்கஹாலுக்குக் கரையாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஊசி ஏன் கூடாது என்றால், உள்ளே கேஸ் பீறிடும் துளை அவ்வளவு நுண்ணியது. துளி விரிந்தாலும் கேஸும் காற்றும் கலக்கும் அளவு கெட்டு, சுடர் கட்டுக்கடங்காமல் போகும்.

ஆல்கஹால் முழுக்க உலர அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் நிரப்பி, வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் பற்றவைக்காதீர்கள். திறந்த வெளியில் கேஸைக் காலிசெய்துவிட்டு வேறு டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.