பெரிய வங்கி என்றால் செலவு குறைவா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

தேவையானவை ஒரு வங்கியின் ஆண்டறிக்கையும் ஓர் எக்செல் தாளும்தான். இந்திய வங்கிகள் எல்லாவற்றுக்கும் கணக்கு அட்டவணை எண்கள் ஒன்றே என்பதால் தேடி அலைய வேண்டாம்.

படி 1. அட்டவணை 13-இல் வட்டி வருமானம், 14-இல் இதர வருமானம், 15-இல் வட்டிச் செலவு, 16-இல் இயக்கச் செலவு. சம்பளம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் கடைசியில் சொன்னதில் அடங்கும். வாராக்கடன் ஒதுக்கீடு தனி. அதை இதோடு கலக்காதீர்கள்.

படி 2. கற்பனையாக ஒரு வங்கி: வட்டி வருமானம் 900 கோடி, வட்டிச் செலவு 550 கோடி, இதர வருமானம் 100 கோடி, இயக்கச் செலவு 225 கோடி. நிகர வருமானம் 350 + 100 = 450 கோடி. 225-ஐ 450-ஆல் வகுத்தால் 50%. இதுதான் செலவு–வருமான விகிதம். குறைந்தால் நல்லது என்பார்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த ஆண்டு கடன் பத்திரங்களை விற்று இன்னும் 50 கோடி லாபம் வந்திருந்தால் விகிதம் 45% ஆகிவிடும். செலவில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே!

படி 3. அதனால் இயக்கச் செலவைச் சராசரி சொத்தாலும் வகுத்துப் பாருங்கள். இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) உள்ள மொத்தச் சொத்தை, ஆண்டின் தொடக்கத்துக்கும் இறுதிக்கும் எடுத்துக் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி. அது 11,250 கோடி என்றால் விடை 2%. எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

படி 4. சரி, பேரளவுச் சிக்கனம், அதாவது வங்கி பெரிதாகப் பெரிதாகச் செலவு அதே வேகத்தில் கூடாமல் இருப்பது? சொத்து 20% வளர, செலவு 12% மட்டுமே கூடினால், 12 ÷ 20 = 0.6. ஒன்றுக்குக் கீழே இருந்தால் சிக்கனம், மேலே போனால் அளவே சுமை. ஆனால் ஒரே வங்கியை ஆண்டுவாரியாகப் பார்த்தால் ஊதிய ஒப்பந்தம், விலைவாசி எல்லாம் உள்ளே புகுந்துவிடும். ஒரே ஆண்டுக்கு முப்பது வங்கிகளை எடுத்து, செலவு, சொத்து இரண்டுக்கும் மடக்கை (லாக்) கண்டு, எக்செல்லின் ‘ஸ்லோப்’ சூத்திரத்தில் போடுங்கள். வரும் சாய்வுக்கும் அதே அர்த்தம்தான். சிறு நிதி வங்கிகளை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். வீடு வீடாகப் போய் வசூலிக்கும் தொழிலின் செலவே வேறு.

அப்புறம், இணைப்பு நடந்த ஆண்டில் கவனம். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தது. முந்தைய ஆண்டுக்கு இரண்டின் கணக்கையும் கூட்டிக்கொள்ளாவிட்டால், இந்தியன் வங்கி ஒரே ஆண்டில் பூதாகரமாக வளர்ந்துவிட்டது போலக் காட்டும்.