அற்பாயுளில் கலைந்த ஒரு கூடைப்பந்து அணியின் வரலாற்றை எழுதுவது எப்படி?

தொடங்கிய வேகத்திலேயே கலைந்துபோன ஒரு தொழில்முறை கூடைப்பந்து அணியைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் வெற்றி தோல்விக் கணக்கை முதலில் கையில் எடுக்கின்றனர்; அணி தோற்றது, அதனால் கலைந்தது என்று அங்கேயே முடித்தும் விடுகின்றனர். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் அதைத் தனியாகப் படிக்காமல், அதே சீசனில் ஆடிய மற்ற அணிகளின் கணக்கோடு வைத்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான இன்றைய என்.பி.ஏ.வின் முன்னோடியான பி.ஏ.ஏ. லீக் 1946இல் 11 அணிகளுடன் தொடங்கியது. முதல் சீசன் முடிந்ததும் டொராண்டோ, கிளீவ்லாந்து, டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் ஆகிய நான்கு நகரங்களின் அணிகள் கலைக்கப்பட்டன. இவற்றுள் டொராண்டோ ஹஸ்கீஸ் 22 ஆட்டங்களில் வென்று 38இல் தோற்றது. கலையாமல் நீடித்த பாஸ்டன் செல்டிக்ஸின் கணக்கும் அதே 22, 38தான். கிளீவ்லாந்து ரெபெல்ஸ் 30 வெற்றி, 30 தோல்வியுடன் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்கே சென்றது. மறுபுறம், அடுத்த சீசனில் 48 ஆட்டங்களில் ஆறே வெற்றி பெற்ற பிராவிடன்ஸ் ஸ்டீம்ரோலர்ஸ், அதற்கடுத்த சீசனுக்கும் வந்து நின்றது. இப்படி ஓர் ஒப்பீட்டு அட்டவணையை வரைந்துவிட்டாலே, தோல்விதான் அணியைக் கொன்றது என்ற எளிய விளக்கம் நிற்காது என்பது தெரிந்துவிடும்.

அடுத்து கேட்க வேண்டியது, நட்டத்தை யார் தாங்கினார், எதற்காகத் தாங்கினார் என்பது. அந்த லீக்கைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அரங்க உரிமையாளர்கள். ஐஸ் ஹாக்கி ஆட்டம் இல்லாத இரவுகளில் காலியாகக் கிடக்கும் இருக்கைகளை நிரப்புவதே அவர்களுடைய நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறாத ஊரில் அணியை நடத்தப் பலருக்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. பாஸ்டனிலோ, செல்டிக்ஸ் உரிமையாளர் வால்டர் பிரவுன் பல ஆண்டுகள் நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு அணியைக் காப்பாற்றினார். ஆகவே உரிமையாளரின் மற்ற தொழில்கள், அரங்க ஒப்பந்தம், அதே ஊரில் பார்வையாளர்களை ஈர்த்த பிற விளையாட்டுகள் ஆகியவற்றைப் பற்றிக் குறிப்பெடுக்க வேண்டும். இதற்கு விளையாட்டுப் பக்கங்களைவிட அக்கால நாளிதழ்களின் வணிகப் பக்கங்களும் நீதிமன்றச் செய்திகளும் கூடுதலாகப் பயன்படும்.

பார்வையாளர் எண்ணிக்கையைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். 1946 நவம்பர் 1 அன்று டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸிடம் 66-68 என்று ஹஸ்கீஸ் தோற்ற முதல் ஆட்டத்துக்கு 7,090 பேர் வந்தனர். ஆனால், 6 அடி 8 அங்குல உயரமுள்ள ஹஸ்கீஸ் வீரர் ஜார்ஜ் நாஸ்ட்ராண்டைவிட உயரமானவர்களுக்கு இலவச அனுமதி என்று விளம்பரம் செய்தெல்லாம் கூட்டம் சேர்த்த தொடக்க இரவு அது. (அப்படி எத்தனை பேர் உள்ளே வந்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி.) சீசனின் நடுவிலும் இறுதியிலும் நடந்த சாதாரண ஆட்டங்களுக்கு எத்தனை பேர் வந்தனர், அவர்களில் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று தேடுவதே பயனளிக்கும்.

அணி முடிந்த நாளை ஒரே தேதியாக எழுதிவிடக் கூடாது. கடைசி ஆட்டம் ஒரு நாள், முறையான கலைப்பு வேறொரு நாள் என்று இருக்கலாம். சீசனின் நடுவிலேயே நின்றுபோவதும் உண்டு. என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக நடந்த ஏ.பி.ஏ. லீக்கில் 1975இல் சான் டியாகோ செய்ல்ஸ் 11 ஆட்டங்களோடும், 1971இன் சாம்பியனான யூட்டா ஸ்டார்ஸ் 16 ஆட்டங்களோடும் நின்றன. பால்டிமோர் கிளாஸ் அணியோ பயிற்சி ஆட்டங்களைத் தாண்டவே இல்லை. 1948இல் பி.ஏ.ஏ. பட்டம் வென்ற பால்டிமோர் புல்லட்ஸ், 1954இல் 14 ஆட்டங்களுக்குப் பின் கலைந்தபோது, அந்த ஆட்டங்கள் புள்ளிப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன; இத்தகைய ஆட்டங்களை அன்றைய நாளிதழ்களில்தான் தேட வேண்டும். 1963இல் அதே ஊரில் அதே பெயரோடு ஆடத் தொடங்கி, இன்று வாஷிங்டன் விசார்ட்ஸ் ஆக இருக்கும் அணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டும் கலந்துவிடும்.

கலைப்போடு வரலாற்றை முடித்துவிடவும் கூடாது. ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ் இரண்டே சீசன்கள் ஆடி, 1976இல் நான்கு ஏ.பி.ஏ. அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தபோது வெளியே விடப்பட்டது. அதன் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள் 22 லட்சம் டாலரோடு, அந்த நான்கு அணிகளுடைய தொலைக்காட்சி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கையும் காலவரம்பின்றிக் கேட்டுப் பெற்றனர். அந்த உரிமையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க அவர்கள் 2014இல் 50 கோடி டாலர் பெற ஒப்புக்கொண்டனர். எனவே இந்த அணிக்குக் காலவரிசை தயாரிப்பவர், கடைசி ஆட்டத்துக்குப் பிந்தைய 38 ஆண்டுகளுக்கும் அதில் இடம் விட வேண்டியிருக்கும்.