காப் ஃபெராவின் கடலோரப் பாதையில் மெல்லோட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், நீஸ் நகருக்கும் மொனாக்கோவுக்கும் நடுவே, மத்தியதரைக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் சிறு தீபகற்பம் காப் ஃபெரா. உள்ளே எங்கும் செல்வந்தர்களின் மாளிகைகளும் உயர்ந்த மதில்களுமாக இருந்தாலும், விளிம்பை ஒட்டிச் செல்லும் பாதை யாவருக்கும் உரியது. கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து சென்ற தடங்களின் வழிவந்தவை பிரான்சின் கடலோரப் பாதைகள். கடலை ஒட்டிய தனியார் நிலத்தில் மூன்று மீட்டர் அகலத்தை நடந்து செல்வோருக்கு விட வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இங்கு வரும் புதியவர்கள் பலரும் முதல் நாளே தீபகற்பம் முழுவதையும் சுற்றிவர ஆசைப்படுகிறார்கள். அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இந்தப் பாதைக்குச் சமதளமான ஒரு பகுதி, சிறிய வளையம் ஒன்று, கரடுமுரடான நீண்ட சுற்று ஒன்று என மூன்று முகங்கள் உண்டு. அந்த வரிசையிலேயே, வெவ்வேறு நாள்களில் பழகுவதே முறை.

முதல் படி: பருவமும் வேளையும்

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் வரையிலான நாள்களும் ஓடுவதற்கு உகந்தவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஓடித்தான் ஆக வேண்டுமென்றால் சூரியன் எழுந்த உடனேயே தொடங்கிவிடுங்கள். நம் ஊர்க் கடற்கரைப் புழுக்கத்துக்குப் பழகியவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: காற்று வறண்டிருக்கும் நாள்களில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது தெரிவதே இல்லை. எனவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல், அரை லிட்டர் தண்ணீரையாவது உடன் எடுத்துச் சென்று இடையிடையே பருகுங்கள்.

இரண்டாம் படி: சமதளத்தில் பழகுதல்

நீஸிலிருந்து மொனாக்கோ பக்கம் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் போலியூ நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் ‘எறும்புகளின் விரிகுடா’ வந்துவிடும். நீருக்கு மேல் தலைகாட்டும் கரிய பாறைகள் எறும்புகளைப் போலத் தோன்றுவதால் இந்தப் பெயர் என்பார்கள். இந்த விரிகுடாவின் மேற்கு ஓரத்தில்தான் மொரீஸ் ரூவியே நடைபாதை தொடங்குகிறது. ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும் இந்தப் பாதை, கெட்டியான தளத்துடன் பெரும்பாலும் மேடு பள்ளமின்றிச் சேன் ழான் துறைமுகம்வரை செல்கிறது. முதல் சில வாரங்களுக்கு இது ஒன்றே போதும்.

ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு ஒரு நிமிடம் மெல்ல ஓடுங்கள். அடுத்த இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி ஏழெட்டு முறை செய்தாலே துறைமுகம்வரை போய்த் திரும்பும் தொலைவில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஓடும்போது உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் கூடுதல் என்று பொருள். காலடிகளை நீட்டி வைக்காமல், குறுகிய அடிகளாக, பாதம் உடலுக்கு நேர் கீழே பதியும்படி வையுங்கள். திரும்பி வரும்போது விரிகுடாவின் எதிர்முனையில், பண்டைய கிரேக்க இல்லங்களின் சாயலில் 1902 முதல் 1908 வரை கட்டப்பட்ட கெரிலோஸ் மாளிகை தெரியும். அதை நடக்கும் இரண்டு நிமிடங்களில் பாருங்கள். ஓடும் நிமிடத்தில் கண் தரையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: சேன்த் ஓஸ்பீஸ் முனை

இருபது நிமிடம் இடைவிடாது மெல்ல ஓட முடிந்த பிறகு, துறைமுகத்தைத் தாண்டிப் பலோமா கடற்கரைக்குச் சென்று, அங்கிருந்து சேன்த் ஓஸ்பீஸ் முனையைச் சுற்றும் வளையத்தைத் தொடங்கலாம். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இதில் பைன் மர நிழலும் உண்டு, சீரற்ற தரையும் படிகளும் உண்டு. படிகளில் ஓடாமல் நடங்கள்.

நான்காம் படி: பெருஞ்சுற்று

ஃபோஸ் கடற்கரையின் அருகிலிருந்து தெற்கு முனையைச் சுற்றிப் பசாப்ல் கடற்கரைவரை செல்லும் தடமே இந்தத் தீபகற்பத்தின் உயிர். ஒருபுறம் வெண்சுண்ணப் பாறைகளும் மறுபுறம் புதர்க்காடும் சூழ, 1944இல் ஜெர்மன் படையினர் தகர்த்துப் போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தின் கீழாக அது வளைந்து செல்லும் காட்சியை, எத்தனை முறை கண்டாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஆனால் கவனம் மிக மிகத் தேவைப்படும் இடமும் இதுவே. கடல்நீர் பட்ட சுண்ணப் பாறை வழுக்கும். ஆகவே அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள, மலைத்தடங்களுக்கான காலணியை அணியுங்கள். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால் கடல் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிவிடக் கூடாது, ஏனெனில் பலத்த காற்று வீசும் நாள்களில் அலைகள் பாதையின் மீதே வந்து மோதும். பாதை மூடப்பட்டிருப்பதாக அறிவிப்பு இருந்தாலோ, தளம் நனைந்து கிடந்தாலோ, ரூவியே நடைபாதைக்கே திரும்பிவிடுங்கள். காதில் பாட்டுக் கருவி வேண்டாம். அலையின் ஓசையும் எதிரே வருபவரின் காலடியும் கேட்க வேண்டும். குறுகலான இடங்களில் நின்று, நடந்து வருபவருக்கு வழிவிட்டு ‘போன்ழூர்’ சொல்வது அங்குள்ள வழக்கம். கைப்பேசியில் ஐரோப்பா முழுமைக்குமான அவசர எண் 112ஐப் பதிந்து வைத்திருங்கள்.

பசாப்லை அடைந்ததும் உடனே உட்கார்ந்துவிடாமல் சில நிமிடம் நடந்து மூச்சைச் சீராக்கி, கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டித் தளர்த்துங்கள். கடலில் இறங்குவதாக இருந்தால் முதலில் நீரை உற்றுப் பாருங்கள், ஏனெனில் ஊதா நிற இழுது மீன்கள் சில நாள்களில் கரையோரம் ஒதுங்கும். அவை கொட்டிவிட்டால் அந்த இடத்தைக் கடல்நீரால் மட்டுமே கழுவ வேண்டும், நன்னீர் கூடாது. அங்கிருந்து ஊருக்குள் ஏறும் சாலை செங்குத்தானது. அதை நடந்தே ஏறுங்கள்.