லட்சங்கள் கட்டி அனிமேஷனும் டிசைனும் படிக்கச் சேருமுன்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் மே மாதத்தில், பாளையங்கோட்டையில் உள்ள என் வீட்டுக்குப் பழைய மாணவர்கள் பெற்றோருடன் வருவது வழக்கமாகிவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால், நன்றாக வரையும் பிள்ளையை அனிமேஷன், விஎஃப்எக்ஸ் (படங்களில் கணினியால் சேர்க்கும் காட்சி விளைவுகள்), கிராஃபிக் டிசைன், ஒளிப்பதிவு போன்ற படிப்புகளில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போதே சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் வழவழப்பான கையேடு கையில் இருக்கும். மூன்றாண்டுக்கு ஆறு லட்சம், எட்டு லட்சம், சில வேளைகளில் அதற்கும் மேலே கட்டணம் குறித்திருக்கும். அந்தக் கட்டணத்துக்கு அந்த நிறுவனம் தகுதியானதா என்பதைப் பெற்றோர் தாமே எப்படிக் கண்டறியலாம் என்று இங்கே எழுதுகிறேன். கடன் வாங்கித்தான் கட்டவேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு, பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். சேரலாம் என்று நான் சொன்ன பிள்ளைகளும் உண்டு. அவர்கள் எப்படி வேறுபட்டார்கள் என்பதும் பின்னால் வரும்.

முதலில் பார்க்கவேண்டியது ரசீதை. சில ஆண்டுகளுக்கு முன் முக்கூடல் பக்கமிருந்து வாழை விவசாயி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். முன்பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று. மஞ்சப்பையிலிருந்து நான்காக மடித்த ரசீதை எடுத்து மேசையில் விரித்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். பயிற்சிக் கட்டணம் 1,00,000 ரூபாய், மத்திய ஜிஎஸ்டி 9,000, மாநில ஜிஎஸ்டி 9,000. "கேட்டா கவர்மென்ட் வரின்னு சொல்லுதாவ சார். படிக்கதுக்குமா வரி?" என்றார். மிகச் சரியான இடத்தில் விரலை வைத்திருந்தார். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தகுதியைத் தரும் பாடத்திட்டத்தின்படி ஒரு கல்வி நிறுவனம் நடத்தும் படிப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்த அங்கீகாரம் இல்லாத தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம் உண்டு. ஆகவே கட்டண ரசீதில் அந்த 18 சதவீதம் இருந்தால், தான் விற்பது கல்லூரிப் படிப்பு அன்று, பயிற்சிச் சேவையே என்று அந்த நிறுவனம் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டது என்று பொருள். பணம் கட்டுவதற்கு முன்பே மாதிரி ரசீது ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் தனியார் பட்டப்படிப்புக் கல்லூரியைப் பொதுவாக அறக்கட்டளையோ பதிவுபெற்ற சங்கமோதான் நடத்துகிறது. வெளிப்படையாக லாபத்துக்கென்று பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ ஃபிரான்சைஸ் கிளையாகவோ நடக்கும் பயிற்சி நிலையங்கள் தாமாகப் பட்டம் தர இயலாது. 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றச் சட்டம் அதிகாரமளித்த நிறுவனங்கள் ஆகியவையே பட்டம் வழங்கலாம். இதனால் பல நிலையங்கள், "டிகிரியும் சேர்த்து வாங்கித் தருகிறோம்" என்று சொல்லி, வேறொரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் பிள்ளையின் பெயரைப் பதிவுசெய்கின்றன. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும், அது நேரடிப் படிப்பா தொலைநிலைப் படிப்பா, அந்த ஆண்டுக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அதற்கு அனுமதி வழங்கியிருக்கிறதா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். தொலைநிலைப் படிப்பைத் தனியார் மையங்களுக்கு ஃபிரான்சைஸ் முறையில் விடுவதை யுஜிசி அனுமதிப்பதில்லை. வேறு மாநிலச் சட்டத்தால் உருவான தனியார் பல்கலைக்கழகம் ஒன்று சென்னையில் கிளை வைத்திருப்பதாகச் சொன்னால், அதையும் நம்பவேண்டாம்.

விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்காரர்கள் பட்டத்தைக் கேட்பதில்லை, மாணவர் தாம் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஷோரீலைத்தான் பார்க்கிறார்கள் என்று நிறுவனத்தார் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வும், வங்கித் தேர்வும், முதுகலைப் படிப்பும் பட்டத்தைக் கேட்கின்றன. பதினெட்டு வயதில் ஸ்டுடியோவை மட்டுமே நினைக்கும் பிள்ளை இருபத்தாறு வயதில் வேறு வேலைக்கு மாற நினைக்கலாம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அங்கீகாரமற்ற பயிற்சிக்குக் கிடைக்கமாட்டா.

பட்டப் பிரச்சினை தீர்ந்தபின் கற்பிக்கும் தரத்துக்கு வரலாம். கையேட்டிலும் வரவேற்பறைத் திரையிலும் ஓடும் படைப்புகள் அந்த நிறுவனத்தின் மிகச் சிறந்த நான்கைந்து மாணவர்களுடையவை. அவர்கள் எங்கே படித்திருந்தாலும் தேறியிருப்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது ஒரு வகுப்பின் நடுத்தர மாணவர் செய்ததை. "சென்ற ஆண்டு முடித்த ஒரு பேட்சில் வருகைப்பதிவேட்டு வரிசைப்படி முதல் பத்துப் பேரின் ஷோரீலைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கூட்டாகச் செய்த படமானால், எந்தப் பகுதியை யார் செய்தார் என்று கேளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிக் காணொளியைப் பார்த்துச் செய்த அதே நாற்காலியும் அதே விண்வெளி ஓடமும் பத்துப் பேரிடமும் இருந்தால், ஆசிரியர் அங்கே பாடம் நடத்தவில்லை என்பது விளங்கிவிடும்.

விழா, கண்காட்சி நடக்கும் நாளில் போகாமல், சாதாரணச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் போங்கள். வகுப்பின் பின்வரிசையில் அரைமணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். வரைகலையில் கற்பித்தல் என்பது ஏறக்குறைய முழுவதும் திருத்துதல்தான். மாணவன் வரைந்த கையின்மேல் மெல்லிய தாளை வைத்து, மணிக்கட்டு இங்கே திரும்பவேண்டும் என்று ஆசிரியர் ஒரு கோடு போட்டுக் காட்டும் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் பெற்றோர் லட்சங்களைக் கட்டுகிறார்கள். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்பதை யூடியூபே சொல்லித்தரும். ஆகவே, கடந்த வாரம் மாணவரின் வேலையைத் திருத்தியவர் யார், அவர் கடைசியாக எந்த ஸ்டுடியோவில் என்ன வேலை செய்தார், சென்ற ஆண்டும் அவர்தான் இங்கே இருந்தாரா என்று கேளுங்கள். சென்ற ஆண்டு இதே வகுப்பில் முடித்துவிட்டு இந்த ஆண்டு அங்கேயே ஆசிரியராக நிற்கும் இளைஞர்கள் மிகுந்திருந்தால், வேலை கிடைத்தோர் கணக்கில் அவர்களும் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்பது தவறாகாது. பிறகு வெளியே வந்து எதிரேயுள்ள டீக்கடையில் இறுதியாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். நெல்லையிலிருந்து வந்திருக்கிறோம் என்றால் நம் ஊர்ப் பிள்ளை ஒருவராவது அங்கே இருப்பார். அவர் மறைக்காமல் சொல்வார்.

வேலைவாய்ப்பு பற்றிய வாசகத்தை ஒவ்வொரு சொல்லாகப் படிக்கவேண்டும். "நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி" என்பதில் "உதவி" என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கும். உதவி என்றால் முகவரிப் பட்டியலைக் கொடுப்பதும் உதவிதான். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் படித்த துறையிலேயே வேலை பார்க்கிறார்கள், முதல் மாதச் சம்பளம் என்ன என்ற நான்கு எண்களையும் ஒரே பேட்சுக்குக் கேளுங்கள். இந்த எண்களை ஊதிக் காட்டுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் லாப நோக்கில் நடந்த 'தி ஆர்ட் இன்ஸ்டிடியூட்ஸ்' என்னும் கலைக் கல்லூரிக் குழுமம், எஞ்சியிருந்த வளாகங்களையும் 2023 செப்டம்பர் 30 அன்று மூடியது. வேலைவாய்ப்பு விகிதத்தையும் சம்பளத்தையும் பற்றி அது மாணவர்களைத் தவறாக நம்பவைத்தது என்று கண்டறிந்த அந்நாட்டுக் கல்வித்துறை, 2024 மே மாதத்தில் ஏறத்தாழ 3,17,000 பேரின் 610 கோடி டாலர் கல்விக்கடனைத் தள்ளுபடி செய்தது. இங்கே கடன் வாங்கிய பெற்றோருக்கு அப்படியொரு தள்ளுபடி வரும் என்று எதிர்பார்க்க இயலாது.

கடனைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் குடும்பங்கள் விழுவது அங்கேதான். ஆண்டுக்கு 2 லட்சமாக மூன்றாண்டில் 6 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை என்றாலும், அந்த நான்காண்டுக்குத் தனிவட்டி மட்டுமே 1,98,000 ரூபாய் சேர்ந்துவிடும். ஏறத்தாழ 8 லட்சமாகிவிட்ட அதை ஏழாண்டில் அடைக்க மாதத் தவணை 13,700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். விஎஃப்எக்ஸில் புதிதாகச் சேர்வோர் பெரும்பாலும் உருவத்தைப் பிரேம் பிரேமாக வெட்டியெடுக்கும் ரோட்டோ, வேண்டாததை அழிக்கும் பெயிண்ட், கேமரா அசைவைக் கணினியில் பொருத்தும் மேட்ச்மூவ் போன்ற அடிநிலை வேலைகளில்தான் தொடங்குகிறார்கள். என்னிடம் படித்துச் சென்னைக்குப் போன மூவரின் முதல் சம்பளம் பதினைந்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடையில் இருந்தது. அதில் 13,700 போனால் அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் யார் பணம் அனுப்புவது? அந்த வேலைக்கும் நிலையான உறுதியில்லை: பல ஹாலிவுட் படங்களுக்கு விஎஃப்எக்ஸ் செய்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது, நல்ல தேர்ச்சி பெற்ற கலைஞர்களும் இந்தியாவில் ஒரே நாளில் வேலையிழந்து நின்றார்கள்.

அங்கீகாரமில்லாத பயிற்சிக்கு அரசு வங்கிகள் வழக்கமான கல்விக்கடன் தருவதில்லை. கிளை மேலாளர் மறுத்தால் அவர்மேல் வருத்தப்படாமல், காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வாறு மறுக்கப்பட்ட பின்புதான் நிறுவனத்தார், "வட்டியில்லாத் தவணை" என்று ஒரு நிதிக் கம்பெனியின் படிவத்தை நீட்டுவார்கள். அது அப்பாவின் அல்லது அம்மாவின் பெயரில் எழுதப்படும் தனிக்கடன். முழுத்தொகையும் நிறுவனத்துக்கு முதலிலேயே போய்விடும். பிள்ளை மூன்றாம் மாதமே விலகிவிட்டாலும் தவணை நிற்காது. நகை அடகு வைப்பதைவிட இது பாதுகாப்பானது என்று நினைக்கவேண்டாம்.

எல்லாக் கலைகளுக்கும் ஒரே பதில் சொல்ல இயலாது. ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் கேமராவும் விளக்குகளும் ஒலிக்கூடமும் தேவை; அவை வீட்டில் அமையமாட்டா; அவற்றைத் தினமும் கையில் எடுக்கத் தரும் நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு. அனிமேஷனுக்கும் கிராஃபிக் டிசைனுக்கும் அந்த நியாயம் பொருந்தாது. பிளெண்டர் என்னும் அனிமேஷன் மென்பொருள் முற்றிலும் இலவசம். 2025-இல் ஆஸ்கர் பெற்ற லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் அதில்தான் செய்யப்பட்டது. வரைவதற்கான கிருதா, இன்க்ஸ்கேப் ஆகியவையும் இலவசம். படத்தொகுப்புக்கான டாவின்சி ரிசால்வுக்கு இலவசப் பதிப்பு உண்டு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டுள்ள ஒரு கணினி மட்டும் வேண்டும்.

குறைந்த கட்டண வழிகளைப் பெற்றோர் பலர் அறியாமலே லட்சங்களுக்குப் போய்விடுகிறார்கள். 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி, தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஆகிய மூன்றும் அரசுக் கட்டணத்தில் நடப்பவை; தரமணியில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றோடு அனிமேஷனும் விஎஃப்எக்ஸும் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஊரை விட்டுப் போக வேண்டாம் என்போருக்குப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலேயே காட்சித் தொடர்பியல் (விஷுவல் கம்யூனிகேஷன்) இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி, ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட், ஐஐடிகளின் டிசைன் படிப்புக்கான யூசீட் ஆகிய தேர்வுகளுக்கு விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போதே, தேர்வு முடிவு வருவதற்குப் பல மாதங்கள் முன்னரே முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் என்னிடம் வந்து கேட்டால் நான் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அவற்றில் கலைப்பிரிவு மாணவரும் சேரலாம். ஆனால் மத்திய அரசு நிறுவனம் என்பதால் செலவு குறைவு என்று எண்ணிவிடவேண்டாம்; அங்கும் லட்சங்கள்தான், கடனுக்கு வங்கி தயங்காது என்பதே வேறுபாடு.

எங்கே சேர்வதானாலும், சேருமுன் ஆறு மாதம் பிள்ளை தானாக வேலை செய்துபார்க்கட்டும். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பேருந்தேறினால் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் அரைமணித் தொலைவில் இருக்கிறது. என் மாணவர்களை ஞாயிறுதோறும் அங்கே வரைய அனுப்புவேன். தோளில் அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவனின் சிலை முன் உட்கார்ந்து, இரண்டு பேரின் எடையும் எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தவனுக்கு, அனிமேஷனில் பாத்திரத்தை நடக்கவைப்பது எளிதாக வந்தது. இருபது ஞாயிறுக்குப் பின்னும் போகவேண்டும் என்று தோன்றுகிற பிள்ளைக்கு, வெளியே செலவழிக்கும் பணம் வீணாகாது. மூன்றாம் வாரமே அலுத்துவிட்டால், அதுவும் ஒரு பைசாச் செலவில்லாமல் தெரிந்துகொண்டதுதான்.

முக்கூடல் பெண்ணைப் போல் அவசரப்பட்டு முன்பணம் கட்டாமல், இந்த ஆறு மாதத்தைத் தாண்டியவர்களில் இருவரை நானே தனியார் நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு குடும்பமும் கையிருப்பிலிருந்து கட்டக்கூடியவை. இரண்டிலும் பட்டம் முறையான பல்கலைக்கழகத்துடையது. ஆசிரியர்கள் இன்னும் துறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். தம்மைப் போலவே இரவு முழுவதும் வரையும் சகமாணவர்கள் நாற்பது பேர் அங்கே கிடைத்தார்கள். ஊரில் தனியாக இருந்து எவ்வளவு உழைத்தாலும் கிடைக்காதது அது.

இறுதியாகப் பணம் கட்டும் நாள். "இன்றைக்கே சேர்ந்தால் முப்பதாயிரம் தள்ளுபடி" என்று சொல்லும் இடத்தில் அன்றைக்குக் கட்டாதீர்கள். மொத்தமாகக் கட்டாமல் செமஸ்டர்வாரியாகக் கட்ட ஒப்பந்தம் எழுதுங்கள். யுஜிசியின் கீழ்வரும் கல்லூரியானால், சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பே விலகும் மாணவருக்குச் சிறு கழிவு போக முழுக்கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று 2018-இல் வந்த யுஜிசி அறிவிப்பு சொல்கிறது. நாள் செல்லச் செல்ல அது குறைந்து, கடைசி நாளுக்குப்பின் முப்பது நாள் கடந்தால் ஒன்றும் கிடையாது. பயிற்சி நிலையத்துக்கு அந்த விதி பொருந்தாது என்பதால், திருப்பித் தரும் நிபந்தனையைத் தனியாக எழுதி வாங்கவேண்டும். முக்கூடல் விவசாயிக்கு அந்த 1,18,000 ரூபாயில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. மகளின் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை மீட்கவே இரண்டு முறை சென்னைக்குப் போய்வந்தார். நீங்கள் நகலை மட்டும் கொடுங்கள். அசலைச் சரிபார்த்து முடித்ததும் அந்த மேசையிலேயே கேட்டு வாங்கி, பையில் வைத்தபின் நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் கிளம்புங்கள்.