வகுப்பறையில் ஜனநாயகம்: ஒரு சின்ன முடிவிலிருந்து தொடங்குவது எப்படி?

நாடாளுமன்றத்துக்கு எத்தனை அவை, வாக்களிக்கும் வயது எத்தனை என்று கேட்டால் டக்கென்று பதில் சொல்லும் மாணவர்கள்கூட, வகுப்பில் ஒரு நடைமுறை பிடிக்கவில்லை என்றால் அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். குடிமையியல் பாடம் பெரும்பாலும் தொடாத இடம் இது. ஒரே ஒரு முடிவை மாணவர்கள் கையில் கொடுத்து, கடைசி வரை அவர்களையே நடத்தவைப்பதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. பாட அட்டவணையைப் புரட்டிப்போட வேண்டியதில்லை. வாரம் ஒரு பாடவேளை கிடைத்தால் போதும்.

படி 1: எதை விட்டுக்கொடுக்க முடியும் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: உட்காரும் வரிசை, வீட்டுப்பாடம் ஒப்படைக்கும் நாள், வாரத்தில் ஒரு பாடவேளையை எப்படிப் பயன்படுத்துவது, இப்படி ஏதாவது ஒன்று. மாணவர்கள் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் ஏற்றுக்கொள்வீர்களா? தயக்கம் இருந்தால் வேறு விஷயத்துக்குப் போய்விடுங்கள். எல்லைகளையும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்: "இது உங்கள் முடிவு, இது தலைமையாசிரியரின் முடிவு."

குழந்தைகளின் வாழ்க்கையை ஆராய்ந்த ராஜர் ஹார்ட், 1992-இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்புக்காக எழுதியபோது, குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே இருக்கும் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைகளை அலங்காரத்துக்கு மேடையில் நிறுத்துவது, பேருக்குக் கருத்துக் கேட்பது எல்லாம் அந்த மூன்றுக்குள் வருபவைதான். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு "நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டால் மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பேசாமல் நீங்களே முடிவைச் சொல்லிவிடலாம்.

படி 2: தகவல் திரட்டச் சொல்லுங்கள்

யார் யாருக்கு இதனால் பாதிப்பு, இப்போதைய ஏற்பாடு ஏன் வந்தது, மற்ற வகுப்புகளில் என்ன செய்கிறார்கள் என்று சிறு குழுக்களாகப் பிரிந்து விசாரிக்கட்டும். ஒரு வாரம் தாராளம்.

படி 3: பேசவைத்து, நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள்

கை தூக்கச் சொன்னால் எப்போதும் பேசுகிற நான்கு பேரே பேசுவார்கள். அதனால் முதலில் எல்லோரையும் ஒரு துண்டுச்சீட்டில் கருத்தை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு விதி: எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்புக் கிடைக்கும் வரை யாரும் இரண்டாவது முறை பேசக் கூடாது. எதிர்த்துப் பேசுவதற்கு முன், மறுதரப்பு சொன்னதை அவர்கள் "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும்.

பேச்சு சூடான அரசியல் பக்கம் போனால்? வகுப்பில் அரசியலை எப்படிக் கற்பிப்பது என்பது பற்றி ஜெர்மனியில் 1976-இல் உருவான பாய்டல்ஸ்பாக் உடன்பாடு இங்கே கைகொடுக்கும். ஆசிரியர் தன் கருத்தை மாணவர் மீது திணிக்கக் கூடாது; சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே முன்வைக்கப்பட வேண்டும்; ஓர் அரசியல் சூழலையும் அதில் தங்கள் நலன் எங்கே இருக்கிறது என்பதையும் மாணவர்களே அலசிப் பார்க்கும் திறன் பெற வேண்டும். மூன்றே விதிகள்தான். சர்ச்சையைக் கண்டு ஓட வேண்டாம், பக்கம் சாயவும் வேண்டாம்.

படி 4: எப்படி வாக்கெடுப்பது என்பதையே முதலில் விவாதியுங்கள்

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இது. 30 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாடவேளைக்கு மூன்று யோசனைகள்: விளையாட்டுக்கு 12 வாக்கு, வாசிப்புக்கு 10, ஓவியத்துக்கு 8. அதிக வாக்கு பெற்றதே வெற்றி என்றால் விளையாட்டுதான். ஆனால் 18 பேர் அதைக் கேட்கவே இல்லை!

இப்போது அதே மாணவர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கடைசியாக வந்த ஓவியத்தை நீக்கி, அந்த 8 பேரின் இரண்டாவது விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். எட்டுப் பேரும் வாசிப்பை எழுதியிருந்தால் வாசிப்புக்கு 18, வெற்றி அதற்கு. யாருடைய மனமும் மாறவில்லை, எண்ணும் முறை மட்டும் மாறியது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் வகுப்பில் கூச்சல் கிளம்பும். கிளம்பட்டும். எந்த முறை நியாயம் என்று அவர்களே வாதாடித் தேர்ந்தெடுத்த பிறகு வாக்கெடுப்பை நடத்துங்கள்.

வாக்கு ரகசியமாகவே இருக்கட்டும். கை தூக்கும்போது நண்பன் முகத்தைப் பார்க்காமல் இருப்பது கடினம். அரசு அச்சடித்த சீட்டில் ரகசியமாக வாக்களிக்கும் முறை ஆஸ்திரேலியக் காலனிகளான விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 1856-இல் வந்ததும் மிரட்டலையும் லஞ்சத்தையும் தடுக்கத்தான்.

படி 5: தோற்றவர்களிடம் கேளுங்கள்

"இந்த முடிவால் உங்களுக்கு என்ன சிரமம்? எதைச் சரிசெய்தால் ஏற்றுக்கொள்ள முடியும்?" பெரும்பான்மை வென்றது என்று கைதட்டிவிட்டுக் கலைந்தால் பாதிப் பாடம்தான் நடந்திருக்கும்.

வகுப்பைத் தாண்டி அனுமதி தேவைப்பட்டால் மனு எழுதச் சொல்லுங்கள்: யாருக்கு, என்ன கோரிக்கை, என்ன ஆதாரம், எப்போதைக்குள் பதில் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அது வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. மனுவில் இதை மேற்கோள் காட்டலாம்.

படி 6: ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்

முடிவு வேலை செய்ததா, மாற்ற வேண்டுமா? மறுபடி கூடுங்கள். இந்த முறை கூட்டத்தை ஒரு மாணவர் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். இதற்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால், ஆதாரம் காட்டிப் பேசினாரா, மறுதரப்பைத் திரிக்காமல் எடுத்துச் சொன்னாரா என்பதற்குப் போடுங்கள். எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு வேண்டாம்.