அரெகிபாவிலிருந்து கோல்கா: ஒரே நாளில் போய்வருவது எப்படி?

பெரு என்றாலே மாச்சு பிச்சு போதும் என்பவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படாது. லீமாவுக்கு அடுத்தபடியாக அந்த நாட்டின் பெரிய நகரம் தெற்கே இருக்கும் அரெகிபா. அங்கே விடியற்காலை வேனில் ஏறினால் கோல்கா பள்ளத்தாக்கையும் அதில் பறக்கும் காண்டோர் என்ற மாபெரும் பறவைகளையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஊரில் எந்த ஏஜென்சியைக் கேட்டாலும் இந்த ஒருநாள் பயணத்தை விற்பார்கள். ஆனால் அவர்கள் கொடுக்கும் துண்டுச்சீட்டில் இருப்பதைவிட இல்லாததுதான் அதிகம்.

விசா, விமானம், சோல் (பெரு நாட்டுப் பணம்) நோட்டு மாற்றுவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும், தாண்டிவிடுகிறேன்.

படி 1: முதலில் அரெகிபாவில் இரண்டு இரவு

லீமா கடற்கரை ஊர். அரெகிபா 2,335 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோல்கா போகும் சாலை 4,910 மீட்டர் வரை ஏறி, பிறகு சிவாய் என்ற ஊருக்கு 3,600 மீட்டர் அளவில் இறங்குகிறது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பயணத் திட்டம் தானாக அமைந்துவிடும். மதியம் லீமாவிலிருந்து வந்து இறங்கி, அன்று இரவே மூன்று மணி வேனைப் பிடிக்கும் திட்டத்தை ஏஜென்சிக்காரர் தடுக்கமாட்டார். நீங்களேதான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு இரவும் வீணாகாது. ஊரே சில்லார் என்ற வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டியது. சாந்தா கத்தலீனா மடத்துக்கே அரை நாள் வேண்டும். அம்பாத்தோ மலையுச்சியில் 1995-ல் ஜோஹான் ரைன்ஹார்டும் மிகேல் சாரத்தேயும் கண்டெடுத்த, இன்கா காலத்துச் சிறுமியின் உறைந்த உடலான 'ஹுவானித்தா'வுக்கான அருங்காட்சியகமும் இங்கேதான். அதை முதலில் பார்த்துவிட்டுப் போனால், வழியில் கைடு கைநீட்டி அம்பாத்தோவைக் காட்டும்போது அது வெறும் பனிமலையாகத் தெரியாது.

உயரமான மலை ஊர்களான குஸ்கோ, பூனோ பக்கம் சில நாள் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை. அவர்கள் உடம்பு ஏற்கெனவே பழகியிருக்கும்.

படி 2: ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை

சாந்தா கத்தலீனா, ஹெருசலேன் தெருக்களில் வரிசையாக ஏஜென்சிகள். பல கடைகளில் பணம் கட்டினாலும் கடைசியில் ஒரே வேனில்தான் ஏற்றுவார்கள். அதனால் இணையத்தில் மாதங்களுக்கு முன்பே பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முந்தின நாள் நேரில் போய்ப் பேசுங்கள். விலையைப் பேசுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

- வேனில் எத்தனை பேர்? கைடு ஆங்கிலம் பேசுவாரா? 'இரண்டு மொழி' என்று எழுதியிருந்தாலும் ஸ்பானிஷில் பத்து நிமிடம், ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் என்று ஓடுகிறவர்கள் உண்டு.
- வேனில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா?
- காண்டோர் பார்க்கும் இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள்? ஒரு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.
- நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு, வெந்நீர் ஊற்று இவற்றில் எது விலைக்குள் அடக்கம்? பொதுவாக மூன்றுமே அடக்கம் இல்லை.

நுழைவுச்சீட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பள்ளத்தாக்கு முழுவதற்குமான ஒரே சீட்டு, வெளிநாட்டவருக்கு 70 சோல். லத்தீன் அமெரிக்கர்களுக்கும் பெரு நாட்டவருக்கும் குறைவு. வழியில் வேனை நிறுத்தி, ஊழியர் ஏறி வசூலிப்பார். அட்டை நீட்டினால் வேலைக்காகாது, ரொக்கமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைகளுக்கு ஒரு சோல் நாணயங்கள் ஒரு கைப்பிடியும், டிஷ்யூ பேப்பரும் தனியாக.

படி 3: முந்தின நாள் மாலை

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள், பாதி வயிற்றுக்கு முடித்துவிடுங்கள். பிஸ்கோ என்ற உள்ளூர் மதுவில் அன்று விழ வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உடைகள்: உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், மங்கி குல்லா, கையுறை. ஒரே ஒரு கனமான கோட்டு வேண்டவே வேண்டாம். விடியலில் உறைநிலைக்குக் கீழே இருக்கும், பத்து மணிக்கு வெயில் தோலை உரிக்கும். ஒவ்வொன்றாகக் கழற்ற முடிந்தால்தான் பிழைப்பீர்கள். சன்ஸ்கிரீனும் உதட்டுக்குத் தடவும் பாமும் பைக்குள் அடியில் கிடக்காமல் கைக்கெட்டும்படி இருக்கட்டும்.

செல்பேசியில் இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடம் வேண்டும். நான் ஆர்கானிக் மேப்ஸ் கட்சி: இலவசம், விளம்பரம் கிடையாது, மலைப்பாதைகள் வரை காட்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவிகளை வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு பயந்து சாவதற்குத்தான் அது உதவுகிறது. தலைவலி, குமட்டல், நடை தள்ளாடுவது இவற்றைக் கவனித்தால் போதும்.

படி 4: மூன்று மணி

வேன் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். பழைய நகரத்தின் குறுகிய சந்துகளில் வேன் நுழையாது, எந்த முனையில் நிற்க வேண்டும் என்று வாட்ஸப்பில் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விடுதியின் வாசல் கதவை யார் திறப்பார்கள் என்றும் கேட்டுவையுங்கள்.

இருக்கை தேர்ந்தெடுக்க முடிந்தால் வலது பக்க ஜன்னல். சிவாயிலிருந்து மேற்கே போகும் சாலை ஆற்றின் தென்கரையில் ஓடுகிறது, பள்ளத்தாக்கு முழுவதும் வலப்புறம் திறந்துகொள்ளும். கடைசியாக ஏற்றப்படுகிறவர்களுக்கு நடு இருக்கைதான். மையத்திலிருந்து தள்ளித் தங்குகிறவர்கள் முதலில் ஏறிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

ஏறியதும் தூங்கப் பாருங்கள். போகும்போது கும்மிருட்டில் ஒன்றும் தெரியாது, ஜன்னலின் உட்புறத்தில் நம் மூச்சே பனிப்படலமாக உறைந்திருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் ஒரு ரூபாய் அளவுக்கு வெளியே நட்சத்திரம் தெரியும். திரும்பும்போது இதே வழியைப் பகலில் பார்க்கத்தான் போகிறீர்கள்.

படி 5: பத்தாபம்பா (இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள்)

இந்த வழியின் உச்சம் பத்தாபம்பா கணவாய், 4,910 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் தலையணைபோல உப்பிவிடும். பால்பாயிண்ட் பேனா கசியும்.

இந்தக் கணவாயை இரண்டு முறை கடக்கிறோம். காலையில் கடக்கும்போது பெரும்பாலோர் தூக்கத்தில் இருப்பார்கள், ஒன்றும் ஆகாது. 'அட, நமக்கு உயரம் ஒத்துக்கொள்கிறது' என்று தெம்பாகிவிடுவார்கள். சிக்கல் பிற்பகலில்தான். உயரத்தால் வரும் நோவு (அங்கே சொரோச்சே என்பார்கள்) மேலே போன உடனே தலைகாட்டுவதில்லை, பல மணி நேரம் கழித்துத்தான் வரும். விடிவதற்கு முன் ஏறிய உடம்பு பிற்பகல் இரண்டு மணிக்குக் கணக்கைத் தீர்க்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் சிவாயில் வயிறுமுட்ட பஃபே சாப்பாடு, அது முடிந்த கையோடு மறுபடியும் 4,910 மீட்டர். எங்கள் வேனில் பாலிதீன் பை தேடிய அத்தனை பேரும் தேடியது திரும்பும் வழியில்தான்.

ஆகவே:

தண்ணீரை காலையிலிருந்தே மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டிருங்கள். மதியம் பாதி வயிற்றோடு எழுந்துவிடுங்கள், பஃபேக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும். கணவாயில் இறங்கினால் நிதானமாக நடங்கள். கல்லடுக்குகளுக்கு இடையே போட்டோவுக்காக ஓடுகிறவர் ஒருவர் எல்லா வேனிலும் இருப்பார், அவராக இருக்க வேண்டாம். அங்கிருந்து சபன்காயா எரிமலை தெரியும். 2016-லிருந்து அடிக்கடி சாம்பல் கக்கிக்கொண்டிருக்கிறது. வேனுக்குள்ளிருந்தும் நன்றாகத்தான் தெரியும்.

இந்த உயர நோவைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீர் அடிக்கடி வரும் என்பதையும் விரல் நுனி மரத்ததுபோல் சுணைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே போடுங்கள், வழியில் கழிப்பறைகள் குறைவு. இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் இந்தப் பயணத்தை எடுக்க வேண்டாம்.

கோகா இலைத் தேநீர் வழியெங்கும் கிடைக்கும், பெருவில் சட்டப்படி சரியானது. காய்ந்த வைக்கோல் மணம், லேசான கசப்பு. குடிக்கலாம். ஆனால் தலைவலிக்கு அதை நம்பித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். வேலையிடத்தில் போதைப்பொருள் பரிசோதனை இருக்கிறவர்கள் தொடவே வேண்டாம், பரிசோதனையில் காட்டிக்கொடுத்துவிடும். மிச்ச இலையையோ தேநீர்ப் பைகளையோ ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இந்தியச் சட்டத்தில் கோகா இலை தடைசெய்யப்பட்ட பொருள்.

படி 6: காண்டோர் முனை

சிவாயில் ரொட்டி, வெண்ணெய், முட்டை என்று எளிய காலை உணவு. அங்கிருந்து குரூஸ் தெல் காண்டோர் என்ற முனைக்கு எட்டு மணியை ஒட்டிப் போய்ச் சேர்வார்கள். அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. காண்டோர் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பறவை, சிறகு விரித்தால் மூன்று மீட்டர். அடித்துப் பறப்பதற்கு அதற்குக் கட்டுப்படியாகாது. வெயில் பாறையைச் சுடவைத்து, சூடான காற்று மேலெழும்பும் வரை காத்திருந்து, அதில் ஏறி வட்டமடித்து மேலே வரும். மேகமூட்டமான நாளில் தாமதமாகும். மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை வராமலும் போகலாம். மே முதல் நவம்பர் வரை நம்பிப் போகலாம்.

எல்லோரும் மேல் மேடையில் முட்டி மோதுவார்கள். கீழே இன்னொரு மேடைக்குப் பாதை இறங்குகிறது, அங்கே போங்கள். பறவை நம் காலுக்குக் கீழிருந்து எழும்பி வரும். கருப்புச் சிறகின் மேற்பக்க வெள்ளைப் பட்டையும் கழுத்தில் வெள்ளை வளையமும் தெரிந்தால் வளர்ந்தது, உடல் முழுக்கப் பழுப்பென்றால் இன்னும் முழுதாக வளராத இளம் பறவை, தலையில் கொண்டை இருந்தால் ஆண். தலைக்கு மேலே போகும்போது சிறகின் நுனி இறகுகள் காற்றைக் கிழிக்கும் சத்தம் காதில் விழும். வீடியோ எடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

திரும்பும்போது படிக்கட்டு வயல்கள் தெரியும் முனைகளிலும் மாக்கா, யாங்கே ஊர்களிலும் நிறுத்துவார்கள். அந்தப் படிக்கட்டுகள் இன்காக்களுக்கும் முந்தியவை, இன்றும் அவற்றில் சோளமும் கீன்வாவும் விளைகின்றன. பெண்களின் தொப்பியைக் கவனியுங்கள்: மேல் பள்ளத்தாக்கின் கொல்யாகுவா மக்கள் வெள்ளை வைக்கோல் தொப்பி, கீழ்ப் பக்கத்துக் கபானா மக்கள் பூவேலை செய்த துணித் தொப்பி. யாங்கே சதுக்கத்தில் பிள்ளைகள் ஆடும் வித்தித்தி நடனம் 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. லாமாவோடு போட்டோ எடுத்தால் காசு கொடுக்க வேண்டும், எடுத்தபிறகு பேரம் பேசாதீர்கள். மாக்கா பக்கம் சாலை மேடும் பள்ளமுமாக இருந்தால் ஓட்டுநரைத் திட்ட வேண்டாம், அந்த ஊரின் நிலமே மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது.

மதியத்துக்குப் பிறகு, லாமாவின் உறவினமான விக்கூன்யாக்கள் மேயும் சமவெளி வழியாக இறக்கம். சாலினாஸ் இ அகுவாதா பிளாங்கா காப்பகம் அது. இவை காட்டு விலங்குகள், வேனை விட்டு இறங்கித் துரத்தக் கூடாது. ஐந்து, ஐந்தரைக்கு அரெகிபா.

பின்னூட்டங்கள் வந்தபின் சேர்த்தவை

சைவம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி, மீன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். பஃபேயில் கீன்வா சூப் (அதில் என்ன எலும்புச் சாறு என்று கேட்டுக்கொள்ளுங்கள்), அவித்த உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டியோடு பெரிய மணிச்சோளம், அவரைக்கொட்டை போட்ட சோல்தேரோ சாலட் இவை கைகொடுக்கும்.

ஒரு வாசகர் தேதிக் குழப்பத்தில் வேனையே தவறவிட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமைப் பயணம் என்றால் திங்கள் இரவு படுத்து மூன்று மணிக்கு எழுவது. ரசீதில் கிழமையும் தேதியும் 'அதிகாலை' என்ற சொல்லும் மூன்றும் இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

வெந்நீர் ஊற்றில் குளிக்கலாமா என்றால், குளிக்கலாம். ஆனால் ஒருநாள் பயணத்தில் அதற்குக் கிடைப்பது அவசரக் குளியல்தான், ஈரத் தலையோடு கணவாய் ஏற வேண்டியிருக்கும். அதற்காகவே இரண்டு நாள் பயணம் எடுப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

அரெகிபாவுக்குத் திரும்பாமல் நேராகப் பூனோ போக முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும். சிவாயிலிருந்து மதியம் பூனோ கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் இருக்கின்றன, பெட்டியைக் காலையிலேயே வேனில் ஏற்றிவிட வேண்டும், ஏஜென்சியிடம் முன்பே சொல்லி அந்தப் பேருந்துச் சீட்டையும் வாங்கிவிட வேண்டும். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: அரெகிபாவுக்குத் திரும்பினால் அன்றிரவு தூங்குவது 2,335 மீட்டரில், பூனோவில் 3,800-க்கு மேல். காலையில் சிவாயிலேயே தலை வலிக்க ஆரம்பித்துவிட்டால் சீட்டுக் காசைப் பார்க்காமல் அரெகிபா வேனிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.