கொஞ்சம்தான் சிந்தியது என்று விடாதீர்கள்

ஆலையில் எண்ணெய் சிந்தி, ஷிப்டில் யாராவது ‘கொஞ்சம்தான் சார், துடைச்சாச்சு’ என்றால் நான் முதலில் கேட்பது: மழைநீர் வடிகால் வால்வை மூடினீர்களா? தண்ணீர் பீய்ச்சிக் கழுவவே கூடாது, எண்ணெய் வடிகாலுக்குள் போய்விடும்.

அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு நின்றால் 1 லிட்டர். டேப் பிடித்து அளந்து, துடைப்பதற்கு முன்பே போட்டோ எடுங்கள். மண்ணில் ஊறியது இந்தக் கணக்கில் வராது. அதைத் தனியாக எழுதுங்கள்.

எவ்வளவு சிந்தினால் தெரிவிக்க வேண்டும் என்பதை ஆலைக்குத் தரப்பட்ட அனுமதி ஆணையிலும் விதிகளிலும் பாருங்கள். நீரில் வானவில் நிறப் படலம் தெரிந்தால் நான் அளவு பார்ப்பதில்லை, உடனே சுற்றுச்சூழல் அதிகாரிக்கு போன். எந்த எண்ணெய், எப்போது, எங்கே, எவ்வளவு, கசிவு நின்றதா என்று சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் ‘விசாரிக்கிறோம்’ போதும். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, எழுத்துப்பூர்வ அறிக்கையை அனுப்புங்கள்.